அருவியில் ஓட வேண்டும், கடலில் மிதக்க வேண்டும்

2024 மே 6ஆம் தேதி காலை, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரத்தை அடுத்த லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். நாகர்கோவிலில் ஒரு கல்யாணத்துக்கு வந்துவிட்டு, ஊர் திரும்பும் முன் கடலைப் பார்க்கப் போனவர்கள். பதினோரு நாள் கழித்து, மே 17ஆம் தேதி, தென்காசி மாவட்டத்தின் பழைய குற்றால அருவியில் திடீரென வெள்ளம் பாய்ந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடிய காட்சியைத் தமிழ்நாடே கைப்பேசியில் பார்த்தது. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த 17 வயது மாணவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிரிழந்தான்.

இப்படிப்பட்ட செய்திகளைப் படிக்கும்போது நம் மனம் எல்லாவற்றையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடுகிறது. சுற்றுலா போன இடத்தில் தண்ணீரில் போய்விட்டார்கள், அவ்வளவுதான். வீட்டில் பெரியவர்கள் சொல்லி அனுப்புவதும் ஒரே வார்த்தைதான்: “தண்ணி பக்கம் பார்த்துப் போங்க.” அருவியில் எதைப் பார்ப்பது, கடலில் எதைப் பார்ப்பது என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. ஒன்றில் உயிரைக் காப்பாற்றும் செயலே மற்றதில் உயிரை வாங்கிவிடும் என்பதால் இவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

தென்மாவட்டச் சுற்றுலாவில் இந்த இரண்டும் ஒரே பயணத்தில் வருபவை. கோடை விடுமுறையில் வேன் பிடித்துக் கிளம்பும் குடும்பம் முதல் நாள் குற்றாலத்தில் குளிக்கிறது. மறுநாள் திருச்செந்தூர் வழியாகவோ திருநெல்வேலி வழியாகவோ கன்னியாகுமரி போய்ச் சேர்கிறது. நேர்வழியில் சுமார் 140 கிலோமீட்டர்தான். அதே பிள்ளைகள், அதே துண்டு, அதே ஈரத் துணிப் பை. முதல் நாள் அருவியில் பழகிய துணிச்சலோடு மறுநாள் கடலில் கால் வைக்கிறார்கள். அந்த 140 கிலோமீட்டருக்குள் தண்ணீரின் குணம் முழுக்க மாறிவிட்டதை யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

முதலில் ஒற்றுமையைச் சொல்லிவிடுகிறேன், அதுதான் அதிர்ச்சி தருவது. இரண்டு இடத்திலும் ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தொலைவில் பிறக்கிறது.

குற்றாலத்தில் அருவியடியில் நிற்பவர் தலைக்கு மேல் இருக்கும் வானத்தைப் பார்க்கிறார். வெயில் அடிக்கிறது. ஆனால் அருவிக்குத் தண்ணீர் வருவது மேற்குத் தொடர்ச்சி மலையின் உச்சிகளிலிருந்து. சிற்றாறு பேரருவியாக விழும் இடத்தின் உயரம் ஏறத்தாழ 60 மீட்டர். அதற்கும் மேலே செண்பகாதேவி, தேனருவி என்று மலை போய்க்கொண்டே இருக்கிறது. சரிவு செங்குத்து, அடியில் பாறை. பெய்த மழை ஊறி நிற்பதற்கு வழியில்லாமல் ஓடைகளில் இறங்கி, எல்லா ஓடையும் ஒரே பாறை இடுக்கில் வந்து சேர்கிறது. தென்மேற்குப் பருவத்தின் சாரல் காலத்திலாவது மழை நிதானமாக, நாள் முழுக்கப் பெய்யும். தண்ணீரும் அதற்கேற்பக் கூடிக் குறையும். கோடை மழை அப்படியல்ல. பிற்பகலில் மேகம் திரண்டு மலையின் ஒரு மூலையில் மட்டும் கொட்டித் தீர்த்துவிடும். கீழே ஒரு துளி இருக்காது. மே 17இல் நடந்தது கோடை மழைக் காலத்து வெள்ளம் என்பதை இங்கே நினைவில் வைக்க வேண்டும். ‘சீசன் இன்னும் தொடங்கவில்லை, தண்ணீர் கொஞ்சமாகத்தான் வரும்’ என்று நம்பிப் போகிற மாதம் அது.

கடலில் இந்தத் தொலைவு இன்னும் பல மடங்கு. கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் கள்ளக்கடல் என்று சொல்லப்படும் பேரலைகள், தெற்கே இந்தியப் பெருங்கடலின் அடிக்கோடியில் வீசிய புயற்காற்றால் எழுபவை. காற்று அங்கேயே ஓய்ந்துவிடும். அலை மட்டும் நாளொன்றுக்கு ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து, சில நாள் கழித்து நம் கரைக்கு வந்து சேரும். உள்ளூர்க் காற்றில் எழும் அலைகள் சில விநாடிகளுக்கு ஒன்றாக வரும். இவை பதினைந்து, இருபது விநாடிக்கு ஒன்றாக வரும். அந்த இடைவெளியில் கடல் அமைதியாகிவிட்டது போலத் தோன்றும். வரும்போது ஒவ்வோர் அலையும் மிகுந்த தண்ணீரைச் சுமந்து வந்து, மணலில் வெகுதூரம் ஏறி, அதே வேகத்தில் திரும்பி இழுக்கும். உள்ளூரில் காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. 2024 மே மாதத் தொடக்கத்தில் கேரளத்துக்கும் தென் தமிழகக் கரைக்கும் ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இப்படியோர் எச்சரிக்கையை விடுத்திருந்தது. அந்த எச்சரிக்கை நடப்பில் இருந்த நாட்களில்தான் லெமூர் மரணங்கள் நேர்ந்தன.

ஆக, “வானம் நல்லாத்தானே இருக்கு?” என்ற கேள்விக்கு இரண்டு இடத்திலும் மதிப்பில்லை. அருவிக்குப் போகிறவர் கேட்க வேண்டியது, மலையில் மழையா என்பது. அதை அருவிக்கரைக் கடைக்காரரும் ஆட்டோ ஓட்டுநரும் மலையைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். வானிலை மையம் மாவட்டவாரியாகத் தரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையும் கைப்பேசியில் கிடைக்கிறது. கடலுக்குப் போகிறவர் கேட்க வேண்டியது, இன்றைக்கு மீனவர் வள்ளம் இறக்கினார்களா, கடல்சார் மையத்தின் எச்சரிக்கை ஏதும் உண்டா என்பது. வள்ளங்களை வழக்கத்தைவிட மேலே இழுத்துப் போட்டிருந்தால் அந்தக் காட்சியே பதில்.

ஒற்றுமை இவ்வளவுதான். இதற்கு மேல் இரண்டும் பிரிகின்றன.

அருவி முன்கூட்டியே சொல்லும், ஆனால் ஒரே ஒரு முறை சொல்லும். தெளிந்து விழுந்த தண்ணீர் கலங்கலாகி, செம்மண் நிறம் ஏறும். சருகும் சுள்ளியும் விழத் தொடங்கும். சிறு கற்கள் வரும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தலையைத் தொடும்போது மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். விழும் ஓசை கனக்கும், திவலைகள் முன்பு நனைக்காத இடத்தை நனைக்கும். இந்த அறிகுறிகளுக்கும் வெள்ளத்துக்கும் இடையில் சில நிமிடங்கள் இருக்கலாம், சில நேரம் அதுகூட இராது. பேரருவியில் பாதுகாப்பு வளைவு கட்டியிருப்பதன் பொருள் இதுதான்: தண்ணீர் அந்த வளைவைத் தொட்டு விழத் தொடங்கினால் அங்கே மனிதர் நிற்கக் கூடாது. பேரருவிக்கு நடுவழியில் பொங்குமாகடல் என்னும் ஆழமான பாறைக் குழி இருக்கிறது. மேலிருந்து வரும் வேகத்தை அது வாங்கிக்கொண்டு பொங்கி வழிய விடுவதால்தான் சாதாரண நாட்களில் அடியில் நின்று குளிக்க முடிகிறது. வெள்ள நாளில் அந்தக் குழியும் போதாது.

குற்றாலத்தில் எப்போதும் என் கண்ணை உறுத்துகிற ஒரு காட்சி உண்டு. ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம் என்று குளிக்கும் இடம் பிரிந்திருக்கிறது. அம்மா சின்னப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஒரு பக்கம் போகிறாள். அப்பாவும் பெரிய பையனும் மறுபக்கம். எல்லோருடைய கைப்பேசியும் பர்ஸும் பாட்டியின் மடியில். பாட்டி துணிப்பையோடு படியோரத்தில், குரங்குகளிடமிருந்து பையைக் காப்பாற்றும் வேலையில் இருக்கிறார். இந்த நிலையில் வெள்ளம் வந்தால் என்ன நடக்கும்? மேலே ஏறிவிட்ட அப்பா, பிள்ளைகளைத் தேடி மறுபடி கீழே ஓடுவார். அம்மா பாட்டியைத் தேடுவாள். தப்பித்தவர்களே திரும்பி வந்து மாட்டிக்கொள்வது இப்படித்தான். குளிக்கப் பிரிவதற்கு முன் ஒரு வார்த்தை போதும்: “ஏதாவதுன்னா யாரும் யாரையும் தேட வேண்டாம். நேரா அந்த டீக்கடைகிட்ட வந்துருங்க.” அந்தக் கடை ஓடைக்குப் பக்கவாட்டில், மேட்டில் இருக்க வேண்டும், ஓடை போகும் வழியில் இருக்கக் கூடாது. சின்னப் பிள்ளையின் உள்ளங்கையில் எழுதினால் தண்ணீரில் அழிந்துவிடும். சட்டையின் உள்பக்கத்தில் அழியாத மையால் அப்பாவின் எண்ணை எழுதி வைப்பது நல்லது.

அருவியில் தப்பிப்பதற்கு ஓட்டம்தான் வழி, அதுவும் பக்கவாட்டில், மேட்டை நோக்கி. தண்ணீர் போகும் திசையிலேயே கீழே ஓடுபவரைத் தண்ணீர் துரத்திப் பிடித்துவிடும். செருப்பை எடுக்க, துண்டை எடுக்க, காட்சியை ஒரு முறை படம் பிடிக்க என்று செலவாகும் நேரம் எல்லாம் உயிரிலிருந்து கழிவது. ஒரு கன மீட்டர் தண்ணீரின் எடை 1,000 கிலோ. ஓட்டத்தின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். அதனால்தான் முழங்கால் அளவுதானே என்று நிற்பவரை அதே முழங்கால் அளவு வெள்ளம் சாய்த்துவிடுகிறது. எப்போதும் ஈரமாக இருப்பதால் அங்கே பாறையும் படியும் வழுக்கும். கைப்பிடிக் கம்பியை ஒட்டி நின்று குளித்தவருக்கு வெளியேறும் வழியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

கடல் இதற்கு நேர்மாறு. இங்கே அறிகுறி ஒரு முறை வந்து போவதில்லை, நாள் முழுக்கக் கண் முன்னால் இருக்கிறது. ஆனால் தெரியாதவருக்கு அது அழைப்பாகத் தோன்றுகிறது. கரைக்கு வரும் அலைகள் மணல் திட்டுகளில் உடைந்து தண்ணீரைக் கரையோரம் குவிக்கின்றன. குவிந்த தண்ணீர் திரும்பிப் போக வேண்டுமே? திருவிழாக் கூட்டம் முழுவதும் ஒரே சந்து வழியாக வெளியேறுவது போல, திட்டுகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தின் வழியாக அது கடலுக்குள் பாய்கிறது. இதுதான் இழுவை நீரோட்டம். அந்தப் பள்ளத்தில் ஆழம் அதிகம் என்பதால் அலை உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை புரண்டுகொண்டிருக்க, நடுவில் ஒரு பட்டை மட்டும் சற்றுக் கருத்து, அமைதியாக, நுரையில்லாமல் இருக்கும். சில நேரம் மணல் கலங்கிய நீரோ நுரைத் துணுக்குகளோ அந்தப் பட்டை வழியே கடலை நோக்கிப் போவது தெரியும். பிள்ளைகளோடு வருபவர் எந்த இடத்தைத் தேர்ந்தெடுப்பார்? அலை அடிக்காத அந்த இடத்தைத்தான். “இங்க அலையே இல்ல, இங்க இறங்குங்க” என்று அன்போடு சொல்லி, கரையிலேயே மோசமான இடத்தில் பிள்ளைகளை இறக்கிவிடுகிறோம். பக்கத்தில் வலை பின்னிக்கொண்டிருக்கும் பெரியவர் “மக்களே, அந்தப் பக்கம் எறங்காதீங்க, இழுத்துரும்” என்று சொன்னால், அது பல தலைமுறை அந்தக் கரையைப் பார்த்த கண்ணின் சொல். காரணம் கேட்டு வாதாடாமல் நகர்ந்துவிட வேண்டும்.

இழுவை நீரோட்டம் யாரையும் அடியில் அமிழ்த்துவதில்லை. கரையிலிருந்து விலக்கிக்கொண்டு போகிறது, அவ்வளவே. ஆளைக் கொல்வது அதற்கு எதிராகக் கரையை நோக்கி நீந்தும் முயற்சி. வேகமான நீரோட்டம் விநாடிக்கு இரண்டு மீட்டர் வரை போகும். ஒலிம்பிக் நீச்சல் வீரருக்கும் அதை எதிர்த்து நீண்ட நேரம் நீந்த முடியாது. ஊர்க் கிணற்றிலும் வாய்க்காலிலும் நன்றாக நீந்திப் பழகிய இளைஞர்கள் கடலில் போய்விடுவதற்கு இதுவே பெருங்காரணம். அவர்களுடைய திறமையே அவர்களை எதிர்நீச்சல் போட வைக்கிறது. சில நிமிடங்களில் கை ஓய்ந்துவிடுகிறது.

மாட்டிக்கொண்டவர் செய்ய வேண்டியது, உடல் மறுக்கும் ஒரு காரியம்: சும்மா இருப்பது. மல்லாந்து மிதந்து, மூக்கும் வாயும் வெளியே இருக்க, மூச்சை நிதானப்படுத்தி, ஒரு கையை உயர்த்தி உதவி கேட்க வேண்டும். இந்த நீரோட்டம் பெரும்பாலும் சில பத்து மீட்டர் அகலம்தான். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் அதன் வேகம் தானாகக் குறையும். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி, வெள்ளை நுரை தெரியும் இடத்துக்கு வந்துவிட்டால் அலையே கரைக்குத் தள்ளிக்கொண்டு வரும். அருவியில் ஒரு விநாடி தாமதிப்பது ஆபத்து. கடலில் முதல் ஒரு நிமிடம் எதுவும் செய்யாமலிருப்பதே பிழைக்கும் வழி. இந்த வேறுபாட்டைத் தண்ணீருக்குள் கற்றுக்கொள்ள முடியாது. வேனில் போகும்போதே பிள்ளைகளுக்குச் சொல்லி, திரும்பச் சொல்லச் சொல்லி, பதிய வைத்திருக்க வேண்டும். கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாளில் இந்த உத்திகள்கூடப் போதாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அன்றைக்குக் கடலைத் தூர நின்று பார்க்கலாம். கால் நனைப்பதும் பாறையில் ஏறி நின்று படம் எடுப்பதும் கூடாது.

மூழ்குகிறவர் கத்துவார், கையை ஆட்டுவார் என்று சினிமா நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. உண்மையில் மூழ்குகிறவருக்குக் கத்த மூச்சு இருப்பதில்லை. வாய் தண்ணீர் மட்டத்தில் ஏறி இறங்கும். கைகள் இரு பக்கமும் தண்ணீரை அமுக்கும். பார்வை நிலைகுத்தும். சத்தமே இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடலாம். அருவியில் இரைச்சல் இருப்பதால் கத்தினாலும் கேட்காது. கடலில் கத்தலே இருக்காது. ஆகவே இரண்டு இடத்திலும் ஒருவர் குளிக்காமல் கரையில் நின்று, தலைகளை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது. பை காவல், பஜ்ஜி வாங்குவது, படம் எடுப்பது எல்லாம் இன்னொருவருக்கு. அரை மணி நேரத்துக்கு ஒருவர் என்று முறை மாற்றிக்கொண்டால் யாருக்கும் குறையில்லை.

சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் வெள்ளையாக நிற்கும் வளைவு மண்டபத்தை எத்தனையோ படங்களில் பார்த்திருக்கிறோம். அது டென்மார்க்கைச் சேர்ந்த ஷ்மிட் என்ற கடலோடியின் நினைவிடம். 1930 டிசம்பர் 30ஆம் தேதி, கடலில் தத்தளித்தவர்களைக் காப்பாற்றப் போய் அவர் மூழ்கிப் போனார். கடலைத் தொழிலாகக் கொண்டவருக்கே அந்தக் கதி. அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிடும் நம்மில் எத்தனை பேருக்கு அந்தக் கட்டடம் சொல்லும் செய்தி தெரியும்? ஒருவர் மூழ்கினார் என்று தொடங்கும் செய்தி மூவர், ஐவர் என்று பெருகுவது, காப்பாற்றப் போனவர்களால்தான். தம்பியை மீட்க அண்ணன், அண்ணனை மீட்க அப்பா. இறங்குவதா வேண்டாமா என்பதைக் கோழைத்தனம், துணிச்சல் என்று பார்க்கக் கூடாது. கையில் மிதக்கும் பொருள் இல்லாமல் இறங்கியவரைப் பயத்தில் இருப்பவர் பிடித்து அமுக்கிவிடுவார், இருவருமே போவார்கள்.

இங்கே அருவிக்கும் கடலுக்கும் பொருள்கள் வேறு. ஓடையில் அடித்துப் போகிறவருக்குக் கயிறோ, முடிச்சுப் போட்டு நீட்டிய வேட்டியோ, சேலையோ போதும், ஏனென்றால் கரை பக்கத்தில் இருக்கிறது. எறிபவர் மட்டும் படுத்தோ மரத்தைப் பிடித்தோ தன்னை ஊன்றிக்கொள்ள வேண்டும். கடலில் தூரம் அதிகம் என்பதால் பிடித்து மிதக்க ஏதாவது வேண்டும். மூடி இறுக்கிய காலி 20 லிட்டர் தண்ணீர் கேன் ஓர் ஆளைத் தாங்கும். மூடி திருகிய காலி இரண்டு லிட்டர் பாட்டில்கள் இரண்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாலும் தலை வெளியே நிற்கும். எந்தச் சுற்றுலா வேனிலும் இவை இருக்கும். வண்டியை இழுக்க வைத்திருக்கும் கயிறும் இருக்கும். எல்லாம் நிறுத்துமிடத்தில் பூட்டிய வண்டிக்குள் கிடந்தால் என்ன பயன்? குளிக்கப் போகும்போது காலிக் கேனையும் கயிற்றையும் கரைக்கு எடுத்துப் போவது கனமான வேலையல்ல.

மீட்டு வந்த பிறகு செய்வதில் இரண்டு இடத்துக்கும் வேறுபாடு சிறிதுதான். வயிற்றை அமுக்கித் தண்ணீரை எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது இரண்டையும் விட்டுவிட வேண்டும். நேரம் போவதோடு, வயிற்றில் உள்ளது நுரையீரலுக்குள் போகும். பேச்சு மூச்சில்லை என்றால், மூழ்கியவருக்கு முதலில் தேவை காற்று. தலையைச் சற்றுப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்துச் சில முறை மூச்சை ஊதி, பிறகு நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்த வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்து சென்டிமீட்டர் ஆழம். 30 அழுத்தத்துக்கு இரண்டு மூச்சு. ஆம்புலன்ஸ் வரும் வரை நிறுத்தக் கூடாது. எழுந்து உட்கார்ந்து “எனக்கு ஒண்ணுமில்ல” என்று சொல்பவரையும் தண்ணீர் குடித்திருந்தால் மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம். அருவியில் அடிபட்டவருக்குக் கழுத்திலும் முதுகெலும்பிலும் காயம் இருக்கக்கூடும் என்பதால் தலையைத் திருப்பாமல், உடம்போடு சேர்த்துத் தூக்க வேண்டும். வேறுபாடு இது ஒன்றே. 108 எல்லோருக்கும் தெரியும். கடலில் ஆபத்து என்றால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் 1093 என்ற எண்ணும் இருக்கிறது, அது பலருக்குத் தெரியவில்லை. மலையடிவாரத்தில் பல இடங்களில் கைப்பேசிக் கோபுரம் எட்டாது. எந்த வளைவு வரை சிக்னல் வருகிறது என்பதை ஓட்டுநர் கவனித்து வைத்திருந்தால் அந்த நேரத்தில் அதுவே பெரிய உதவி.

இனி நான் மிகவும் கவலைப்படும் விஷயம். தடை.

குற்றாலத்தில் தடை என்றால் தடைதான். அருவிக்குப் போக வழி ஒன்று, அந்த வழியில் காவலர் நிற்கிறார். விசில் அடித்தால் வெளியே வந்துதான் ஆக வேண்டும். திட்டிக்கொண்டாவது மக்கள் கேட்கிறார்கள். கடலுக்கு அப்படிக் கதவு போட முடியாது. லெமூரில் அன்று கடற்கரை மூடப்பட்டிருந்தது என்றும், மாணவர்கள் தென்னந்தோப்பு வழியாக உள்ளே போனார்கள் என்றும் செய்திகள் வந்தன. அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூடியதற்கான காரணம் அவர்களுக்குப் புரியும்படி அங்கே எழுதியிருந்ததா? வெயில் அடிக்கிறது, கடல் நீலமாக இருக்கிறது. காரணம் தெரியாத தடையை இளம் வயது எப்படி மதிக்கும்?

ஆனால் அருவியிலும் தடைக்குப் பின்கதவு உண்டு. ஆறு மணி நேரம் பயணம் செய்து வந்தவரிடம் ‘இன்றைக்குக் குளிக்க அனுமதியில்லை’ என்றால் அவர் மனம் ஒப்புவதில்லை. யாரோ ஒருவர் வந்து, “பின்னால ஒரு சின்ன ஓடை இருக்கு, யாரும் வர மாட்டாங்க” என்கிறார். காவலும் கைப்பிடிக் கம்பியும் இல்லாத அந்த ஓடைக்கும் தண்ணீர் வருவது அதே மலையிலிருந்து, அதே மழையிலிருந்து. தடை வரும் நாள்தான் கட்டுப்பாடில்லாத இடங்களில் கூட்டம் சேரும் நாள். தென்னந்தோப்புப் பாதையும் பின்பக்க ஓடையும் ஒன்றேதான் என்று எனக்குத் தோன்றுகிறது: இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே என்ற ஏக்கம் கண்டுபிடித்த வழிகள்.

பயண ஏற்பாடு என்றால் மாத்திரைப் பையும் முதலுதவிப் பெட்டியும் மாற்று டயரும் என்று நினைக்கிறோம். அவை வேண்டும்தான். ஆனால் இந்த இரண்டு தண்ணீருக்கும் முதல் ஏற்பாடு, குளிக்க முடியாவிட்டால் என்ன செய்வோம் என்பதை வீட்டிலேயே முடிவு செய்து வைப்பது. குற்றாலத்தில் தடை என்றால் குற்றாலநாதர் கோயில், சித்திர சபையின் சுவரோவியங்கள், தென்காசி காசி விசுவநாதர் கோபுரம் இருக்கின்றன. குமரியில் கடல் கொந்தளித்தால் பத்மநாபபுரம் அரண்மனை, சுசீந்திரம், சிதறால் மலைச் சமணச் சிற்பங்கள் எல்லாம் எட்டும் தூரத்தில்தான். மாற்றுத் திட்டம் பிள்ளைகளுக்கும் முன்பே தெரிந்திருந்தால் ஏமாற்றம் பாதியாகும். பின்பக்க ஓடைக்கு அழைப்பவரிடம் ‘வேண்டாம்’ என்று சொல்வதும் எளிதாகும்.

குடும்பங்களின் பொறுப்பு அவ்வளவு என்றால் அரசின் பொறுப்பு எங்கே? அருவிகளில் கம்பி, வளைவு, காவலர் என்று ஓரளவு ஏற்பாடு இருக்கிறது. மலைமேல் மழையையும் நீர்மட்டத்தையும் அளந்து கீழே ஒலி எழுப்பும் கருவிகள் ஒவ்வோர் அருவிக்கும் வர வேண்டும். கடல்தான் அநாதையாகக் கிடக்கிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீளும் தமிழ்நாட்டுக் கரையில், உயிர்காப்பாளரும் குறித்த குளியல் பகுதியும் உள்ள இடங்கள் மிகச் சில. செங்கல்பட்டு மாவட்டத்துக் கோவளம், தூய்மையும் பாதுகாப்பும் உள்ள கடற்கரைகளுக்குத் தரப்படும் நீலக்கொடிச் சான்றை 2021இல் பெற்றபோது இவை அங்கே வந்தன. கோவாவில் பல ஆண்டுகளாகக் கடற்கரைகளில் பயிற்சி பெற்ற காப்பாளர்கள் கொடி நட்டு நிற்கிறார்கள், சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது என்பது அங்கே வருபவருக்குப் பழகிவிட்டது. நம் கரையில் இப்போது யாராவது மூழ்கினால் ஓடி வந்து குதிப்பவர்கள் மீனவ இளைஞர்கள். சம்பளம் இல்லாமல், காப்பீடு இல்லாமல் குதிக்கிறார்கள். எந்தப் பள்ளம் இந்த மாதம் எங்கே நகர்ந்திருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும். மே மாதம் தொடங்கும் முன், தென்னந்தோப்புப் பாதை கடற்கரையைத் தொடும் இடத்திலேயே ஒரு கம்பம் நட்டு, கயிறு கட்டிய மிதவை வளையத்தை அதில் மாட்டி, கள்ளக்கடல் என்றால் என்னவென்று நான்கு வரியில் எழுதிய பலகை வைத்து, அந்த இளைஞர்களில் இரண்டு பேரை முறையான சம்பளத்தோடு அங்கே நிறுத்த வேண்டும்.